தொழிலகப் பாதுகாப்பு – நாம் அறியாத ஒரு பணி

காலை ஐந்தரை மணிக்குப் பூந்தமல்லி ட்ரங்க் ரோட்டில் நின்று பார்த்திருக்கிறீர்களா, தோழியரே? காலைத் திருப்பலிக்குச் செல்லும் எங்களுக்கு அது பழகிய காட்சி. ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் செல்லும் கம்பெனிப் பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கும். சீருடையும் அடையாள அட்டையும் அணிந்த அக்காமார்கள் சாப்பாட்டுப் பையுடன் அவசரமாக ஏறுவார்கள். அதே வேளையில் இரவு ஷிப்ட் முடித்தவர்கள் கண் சிவக்க இறங்கி, டீக்கடை ஓரமாக நடந்து வீடு போவார்கள். வடக்கே ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை, அம்பத்தூரில் 1960களில் தோன்றிய தொழிற்பேட்டை, மேற்கே கார் தொழிற்சாலைகள் என்று மூன்று பக்கமும் ஆலைகள் சூழ்ந்த ஊர் நம்முடையது. தொழிற்சாலைக்குப் போகிறவர் ஒருவரும் இல்லாத வீடு யாருடையது என்று எங்கள் வகுப்பில் கேட்டபோது நான்கைந்து கைகளே உயர்ந்தன.

இவ்வாண்டு தொழில் வழிகாட்டி வகுப்பில் சிஸ்டர் எங்களுக்கு ஒரு தாளைக் கொடுத்து, எதிர்காலத்தில் என்னவாக விரும்புகிறீர்கள் என்று எழுதச் சொன்னார்கள். மருத்துவர், ஆசிரியை, செவிலியர், கணினிப் பொறியாளர், வங்கி அதிகாரி, மாவட்ட ஆட்சியர் என்றெல்லாம் எழுதினோம். ஒருத்தி விமானி என்று எழுதினாள். தொழிலகப் பாதுகாப்பு அலுவலர் என்று ஒருவரும் எழுதவில்லை. அப்படி ஒரு பணி இருப்பதே அன்று எங்களுக்குத் தெரியாது. தெரிய வந்த விதம் மகிழ்ச்சியானதன்று.

ஆகஸ்டு மாதம் எங்கள் தோழி ஒருத்தி ஒரு வாரம் பள்ளிக்கு வரவில்லை. அவளுடைய தந்தை ஒரு சிறு பட்டறையில் பவர் பிரஸ் இயக்குபவர். இயந்திரத்தில் கை சிக்கி வலக்கையின் சுட்டு விரலும் நடு விரலும் போய்விட்டன. சாத்துக்குடியும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு பார்க்கச் சென்றோம். கையில் பெரிய கட்டுடன் படுத்திருந்தவர், எங்களைப் பார்த்துச் சிரிக்க முயன்று, "என் நேரம் பாப்பா, வேற என்ன சொல்றது" என்றார். "ஆண்டவர் சித்தம்" என்றார்கள் தோழியின் தாயார். பட்டறைப் பதிவேட்டில் 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று எழுதப்பட்டிருந்ததாம். நேரம், சித்தம், கவனக்குறைவு என்று ஒரே விபத்துக்கு மூன்று காரணங்கள் கேட்டுக்கொண்டு வீடு திரும்பினோம். ஈ.எஸ்.ஐ. சட்டத்தின் அட்டவணை ஒரு கையில் இரு விரல்கள் போனால் 20 விழுக்காடு, கட்டை விரல் போனால் 30 விழுக்காடு சம்பாதிக்கும் திறன் இழப்பு என்று வகுத்திருந்ததைப் பின்னர் அறிந்தோம். விரலுக்கும் விழுக்காடு உண்டு என்பது எங்களுக்கு அதுவரை தோன்றாத செய்தி.

இதைக் கேள்விப்பட்ட சிஸ்டர், நம் பள்ளியில் படித்து இன்று ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்பு அலுவலராகப் பணிபுரியும் அக்கா ஒருவரை எங்களுடன் பேச அழைத்திருந்தார்கள். பேச்சைத் தொடங்குமுன் அவர் தோழியிடம் கேட்ட முதல் கேள்வி, "அந்த இயந்திரத்திற்கு எத்தனை பொத்தான்கள்?" என்பது.

பவர் பிரஸ் என்பது உலோகத் தகட்டை அழுத்தி வடிவம் கொடுக்கும் இயந்திரம். கீழே ஓர் அச்சு, மேலே ஓர் அச்சு; இவற்றை டை என்பார்கள். மேல் அச்சைத் தாங்கிய கனத்த இரும்புப் பாளம் கண் இமைக்கும் நேரத்தில் இறங்கி ஏறும். தகட்டை இரண்டுக்கும் நடுவே கையால் வைக்க வேண்டியிருப்பதுதான் ஆபத்து. ஆகவே ஒன்றுக்கொன்று தள்ளி இரண்டு பொத்தான்கள் வைத்து, இரண்டையும் ஒரே சமயத்தில் அழுத்தினாலன்றி இயந்திரம் இறங்காதபடி செய்வார்கள். இரு கைகளும் பொத்தான்களில் இருக்கும்போது விரல் அச்சுக்குள் இருக்க முடியாதல்லவா? எவ்வளவு எளிய யோசனை பாருங்கள்!

தோழியின் தந்தை இயக்கிய இயந்திரத்திலும் இரண்டு பொத்தான்கள் இருந்தன. ஆனால் ஒன்றில் சிறு மர ஆப்பு செருகப்பட்டு, எப்போதும் அழுந்தியே இருந்தது. செருகியவர் அவரேதான். ஒரு கையால் தகடு வைத்து மறு கையால் அழுத்தினால் வேலை விரைவாக முடியும், விரைவாக முடித்தால்தான் ஒரு ஷிப்டுக்குக் குறித்த எண்ணிக்கை எட்டும், எட்டினால்தான் ஊக்கத்தொகை. மேற்பார்வையாளர் நாள்தோறும் அந்த ஆப்பைப் பார்த்துக்கொண்டுதான் போனார்.

"கவனக்குறைவு என்று எழுதிவிட்டால் விசாரணை அங்கேயே முடிந்துவிடும். ஆப்பு எதற்காக வந்தது என்று யாரும் கேட்க மாட்டார்கள். நாளைக்கு வேறொருவர் அதே இயந்திரத்தில் உட்காருவார், அதே ஆப்பைச் செருகுவார்" என்றார் அந்த அக்கா. தோழி தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அன்று மாலை அவள் தன் தந்தையிடம் போய், தவறு முழுதும் உங்களுடையது இல்லையாம் என்று சொன்னதாகவும், அவர் நெடுநேரம் பேசாமல் இருந்ததாகவும் எங்களிடம் கூறினாள்.

பாதுகாப்பு அலுவலர் என்றால், தலைக்கவசம் போடு, கையுறை போடு என்று அதட்டிக்கொண்டு திரிபவர் என்றே நாமெல்லாம் எண்ணுவோம். தலைக்கவசம் கடைசிப் படி என்பதை அறிந்தபோது வியந்தோம். வீட்டில் தவழும் குழந்தை இருக்கும்போது அம்மா என்ன செய்கிறார்கள்? கொதிக்கும் குழம்பைத் தரையில் வைத்துவிட்டுக் குழந்தையிடம் ஜாக்கிரதை என்று சொல்வதில்லை. பாத்திரத்தையே எட்டாத இடத்தில் ஏற்றிவிடுகிறார்கள். தொழிற்சாலையிலும் இதே முறைதான். முதலில் ஆபத்தையே நீக்க முடியுமா என்று பார்க்க வேண்டும். இயலாவிட்டால் ஆபத்துக் குறைந்த பொருளையோ முறையையோ தேட வேண்டும். அதுவும் இயலாதபோது இயந்திரத்துக்கும் மனிதருக்கும் நடுவே ஒரு தடுப்பு. அதற்குப் பிறகே பயிற்சி, அறிவிப்புப் பலகை, வேலை நேர மாற்றம். இத்தனையும் செய்த பின்னும் மிஞ்சும் ஆபத்துக்குத்தான் கையுறையும் கவசமும். பல இடங்களில் கடைசிப் படியை முதலில் வைத்துவிட்டு மற்றவற்றை மறந்துவிடுகிறார்கள் என்பது அக்காவின் குறை. இயந்திரங்களிடையே நிற்பவர்கள் ஆண்கள் மட்டுமே என்றும் எண்ண வேண்டாம். 2010ஆம் ஆண்டு ஸ்ரீபெரும்புதூரில் கைப்பேசித் தொழிற்சாலை ஒன்றில் இயந்திரத்தில் சிக்கி இளம் பெண் தொழிலாளி ஒருவர் உயிரிழந்தார். காலையில் நாம் பார்க்கும் பேருந்துகள் செல்லும் அதே திசைதான் அது.

இந்தத் துறைக்குத் தந்தை என்று போற்றப்படுபவர் இத்தாலி நாட்டு மருத்துவர் பெர்னார்டினோ ராமஸ்ஸினி (1633–1714). மொதேனா நகரில் அவருடைய வீட்டு மலக்குழியை ஒரு தொழிலாளி சுத்தம் செய்துகொண்டிருந்தார். ஏன் இவ்வளவு அவசரமாக வேலை செய்கிறாய் என்று மருத்துவர் கேட்க, அதிக நேரம் இதற்குள் இருந்தால் கண் எரிந்து பார்வையே போய்விடும் என்று அவர் விடை சொன்னாராம். அந்த ஒரு விடை மருத்துவரை ஊரெங்கும் கொண்டு சென்றது. குயவர், கண்ணாடி செய்பவர், சுரங்கத்தார், சலவைப் பெண்கள் என்று பல தொழிலாளரையும் நேரில் கண்டு, எந்தத் தொழிலால் எந்த நோய் வருகிறது என்று 1700ஆம் ஆண்டில் ஒரு நூலை வெளியிட்டார். நோயாளியிடம் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளோடு, 'நீ என்ன தொழில் செய்கிறாய்?' என்றும் கேட்க வேண்டுமென மருத்துவர்களுக்கு அவர் கற்பித்தார். இன்றும் நம் ஊர் மருத்துவமனை வரிசையில் எத்தனை பேரிடம் அந்தக் கேள்வி கேட்கப்படுகிறது?

ராமஸ்ஸினி கண்ட மலக்குழி முந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் நம்மை விட்டு நீங்கவில்லை. கழிவுநீர்த் தொட்டியில் இறங்கியவர் விஷவாயு தாக்கி இறந்தார் என்ற செய்தி அடிக்கடி நாளேட்டில் வருகிறது. அவரைக் காப்பாற்ற இறங்கியவரும் இறந்தார் என்பது பல சமயம் அதன் அடுத்த வரி. இது ஏன் என்பதை எங்கள் வேதியியல் பாடமே விளக்கிவிடும். தொட்டிக்குள் உருவாகும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு சிறிதளவு இருந்தால் அழுகிய முட்டை போல நாறும். அளவு கூடி, பத்து லட்சம் பங்கு காற்றில் நூறு பங்கை நெருங்கும்போது மூக்கு மரத்து, நாற்றமே தெரியாமல் போகும். நாற்றம் குறைந்துவிட்டது, இனி இறங்கலாம் என்று எண்ணுகிறவர் உண்மையில் அதிக ஆபத்தில் இருக்கிறார். அளவு மேலும் ஏறினால் ஓரிரு மூச்சிலேயே மயக்கம் வரும். உள்ளே விழுந்தவர் அண்ணனாகவோ தகப்பனாகவோ இருக்கும்போது மேலே நிற்பவர் யோசிப்பாரா? அப்படியே குதித்துவிடுகிறார். வாயுவை அளந்து பார்க்கும் கருவி, காற்றுச் செலுத்தும் விசிறி, இடுப்பில் கயிறு, மேலே இழுக்க ஆள், தனிச் சுவாசக் கருவி ஆகிய எதுவும் இன்றி எந்தக் குழிக்குள்ளும் ஒருவரையும் இறக்கக் கூடாது என்பது இப்பணியின் அரிச்சுவடி. மனிதரை இறக்காமல் இயந்திரத்தால் சுத்தம் செய்வதே முதற்படி. பாதுகாப்பின்றி ஆளை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. இவ்வாறு இறப்பவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் தர வேண்டுமென்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. ஆயினும் இறங்குகிறவர்கள் இறங்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

நம் ஊருக்கு அருகிலேயே நடந்த பெரிய துயரம் ஒன்றுண்டு. போரூரை அடுத்த மௌலிவாக்கத்தில் 2014 ஜூன் 28, சனிக்கிழமை மாலை, கட்டி முடியும் நிலையிலிருந்த பதினொரு மாடிக் கட்டடம் மழையின்போது அப்படியே சரிந்தது. 61 பேர் மாண்டனர். பெரும்பாலோர் ஆந்திரத்திலிருந்தும் பிற ஊர்களிலிருந்தும் பிழைக்க வந்த கட்டடத் தொழிலாளர், ஆண்களும் பெண்களுமாக. எங்களுக்கு அது நினைவில்லாத வயது. பெற்றோர் சொல்லித்தான் தெரியும். இடி விழுந்ததால் கட்டடம் விழுந்தது என்று முதலில் பேச்சு எழுந்ததாம். ஓய்வு பெற்ற நீதிபதி ரகுபதி தலைமையில் அரசு அமைத்த ஆணையம் விசாரித்தபோது, கட்டட அமைப்பின் குறைகளே வெளிவந்தன. எஞ்சி நின்ற இணைக் கட்டடத்தையும் விட்டுவைக்க முடியாமல் 2016 நவம்பர் 2 அன்று வெடி வைத்துத் தகர்த்தார்கள். பணியிடத்தின் ஆபத்து வேலியோடு நின்றுவிடுவதுமில்லை. 2025 ஜூன் 12 இரவு மவுண்ட்–பூந்தமல்லி சாலையில் இராமாபுரம் அருகே மெட்ரோ ரயில் பணிக்கான கான்கிரீட் உத்திரங்கள் விழுந்தன. உயிரிழந்தவர் அந்த வேலைக்குச் சம்பந்தமே இல்லாமல் மோட்டார் சைக்கிளில் அவ்வழியே சென்றவர்.

இடி, விதி, ஆண்டவர் சித்தம் என்ற பேச்சுகள் எங்களை மிகவும் உறுத்தின. மறைக்கல்வி வகுப்பில் சிஸ்டரிடமே கேட்டுவிட்டோம். "ஆப்பைச் செருகச் சொன்னது ஆண்டவரா?" என்று சிஸ்டர் திருப்பிக் கேட்டார்கள். பின்னர், 1891ஆம் ஆண்டிலேயே திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் தொழிலாளர் நிலை பற்றிய தமது சுற்றுமடலில், மனிதரின் உடல் வலிமைக்கு மேல் வேலை வாங்குவதைக் கண்டித்ததை எடுத்துச் சொன்னார்கள். நம் பெரியவர்கள் சிங்கராயர் என்று அழைத்த அதே லியோ என்னும் பெயரைத்தான், தொழிலாளர் நிலையை மனத்தில் கொண்டு, இன்றைய திருத்தந்தையும் 2025 மே மாதம் ஏற்றிருக்கிறார். மே முதல் நாளைத் தொழிலாளரான புனித சூசையப்பரின் திருநாளாக 1955இல் ஏற்படுத்தியவர் பன்னிரண்டாம் பத்திநாதர். தச்சரின் பட்டறையிலும் உளியும் வாளும் இருந்திருக்குமே, அவருக்கும் கையில் காயம் பட்டிருக்குமல்லவா என்று ஒருத்தி கேட்க, வகுப்பே சிரித்தது. சிஸ்டர் சிரிக்கவில்லை. பட்டிருக்கும் என்றார்கள்.

இயந்திரமும் கட்டடமும் போலவே கண்ணுக்குத் தெரியாத ஆபத்துகளும் உள்ளன. இரைச்சல், தூசி, ரசாயன ஆவி, வெப்பம் ஆகியவை ஒரே நாளில் ஆளைக் கொல்வதில்லை, ஆண்டுக்கணக்கில் அரிக்கின்றன. இவற்றை அளந்து ஆராய்வது தொழில்சார் சுகாதாரம் என்னும் பிரிவு. இதற்காக வெளிநாடு போக வேண்டியதில்லை. நம் 11 மணிப் பேருந்தில் ஏறினால் 12 மணிக்குள் போய்விடலாம். போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தில் பேராசிரியர் வித்யா வேணுகோபால் என்பவர், உழைப்பாளரை வெப்பம் என்ன செய்கிறது என்று பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறார். உப்பளம், செங்கற்சூளை, வயல் போன்ற இடங்களில் வேலை செய்யும் கர்ப்பிணிப் பெண்களைப் பற்றி அவருடைய குழுவினர் 2017இல் ஓர் ஆய்வைத் தொடங்கினர். தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகள் அதில் பங்கு பெற்றனர். கடும் வெப்பத்தில் உழைத்தவர்களுக்குக் கருச்சிதைவு ஏற்படும் அபாயம் ஏறத்தாழ இரு மடங்கு என்று 2024இல் வெளியான முடிவு கூறியது. எங்களுள் சிலருடைய அம்மாவும் பாட்டியும் நாற்று நட்டவர்கள், செங்கல் சுமந்தவர்கள். வீட்டில் இதைச் சொன்னபோது, ஒரு தோழியின் பாட்டி, "எனக்கு இரண்டு போச்சு, அது வெயிலாலன்னு யாருக்குத் தெரியும்" என்றார்களாம்.

வெப்பத்தை இவர்கள் அளக்கும் முறையும் அறியத்தக்கது. சாதாரண வெப்பமானி ஒன்று போதாது. ஈரத் துணி சுற்றிய குமிழ் கொண்டது ஒன்று, கறுப்பு நிற உருண்டைக்குள் வைத்தது ஒன்று, உலர்ந்தது ஒன்று என மூன்றையும் சேர்த்துக் கணக்கிடுகிறார்கள். காரணம், நம் உடலைக் குளிர்விப்பது வியர்வை. காற்றில் ஈரம் மிகுந்தால் வியர்வை உலராது. உலராவிட்டால் உடல் குளிராது. கறுப்பு உருண்டை வெயிலின் கதிரையும் உலையின் அனலையும் வாங்கிக்கொண்டு காட்டும். இக்கணக்கின்படி ஏறத்தாழ 28 பாகையைத் தாண்டினாலே, நடுத்தர உழைப்புக்குக்கூட இடையிடையே ஓய்வும் நிழலும் தண்ணீரும் வேண்டும். சென்னைப் புறநகரில் மே மாதத்துத் தகரக் கூரையின் கீழ் அந்த அளவு எங்கே நிற்கும் என்று சொல்லவும் வேண்டுமோ? தண்ணீர் குடித்தால் கழிப்பறைக்குப் போக வேண்டும், கழிப்பறை தூரம் என்பதற்காகத் தண்ணீரே குடிக்காமல் இருக்கும் பெண் தொழிலாளர் பலர் என்றும் அக்கா சொன்னார். இது எந்த வெப்பமானியிலும் தெரியாது. பெண்ணிடம் பெண் கேட்டால்தான் தெரியும். இப்பணிக்குப் பெண்கள் தேவை என்பதற்கு இதைவிட வேறு காரணம் எங்களுக்கு வேண்டியதில்லை.

நியூயார்க் நகரில் 1911 மார்ச் 25 அன்று ட்ரையாங்கிள் என்னும் ஆடைத் தொழிற்சாலையில் தீப்பிடித்தது. மாடிப்படிக் கதவு பூட்டப்பட்டிருந்தது. 146 பேர் மாண்டனர். பெரும்பாலோர் குடியேறி வந்த ஏழைப் பெண்கள், எங்கள் வயதினரும் அவர்களுள் உண்டு. தெருவில் நின்று அதைக் கண்ணால் கண்ட பிரான்சிஸ் பெர்கின்ஸ் என்ற பெண்மணி தொழிலாளர் பாதுகாப்புச் சட்டங்களுக்காகப் பாடுபட்டு, 1933இல் அமெரிக்காவின் தொழிலாளர் துறை அமைச்சரானார். அந்நாட்டு அமைச்சரவையில் இடம்பெற்ற முதல் பெண் அவரே. நம் நாட்டில் சட்டத்தை அசைத்தது போபால். 1984 டிசம்பர் 2ஆம் நாள் இரவு யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து விஷவாயு கசிந்து ஆயிரக்கணக்கானோர் மடிந்தபோது, அங்கே பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் இல்லை. குளிரூட்டும் அமைப்பு நிறுத்தப்பட்டிருந்தது. வாயுவை எரித்துவிட வேண்டிய கோபுரம் பழுதில் கிடந்தது. அதாவது அங்கும் ஓர் ஆப்பு செருகப்பட்டிருந்தது! அதன் விளைவாக 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் 1987இல் திருத்தப்பட்டு, அபாயகரமான ஆலைகளுக்கெனத் தனி விதிகள் வந்தன. அந்தச் சட்டம் பெண்கள் இரவில் ஆலையில் வேலை செய்வதைத் தடுத்திருந்தது. இத்தடை செல்லாதென்று சென்னை உயர் நீதிமன்றம் 2000ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. துணிக்கடையிலும் பிற கடைகளிலும் நாளெல்லாம் நிற்கும் ஊழியர் உட்கார இருக்கை தர வேண்டுமென்று தமிழ்நாடு 2021இல் சட்டம் செய்ததும் இதே வகையில் சேரும். தீபாவளிக்குத் துணி எடுக்கப் போகும்போது, அந்த அக்காமார்கள் உட்கார்ந்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

தொழிற்சாலைச் சட்டத்தின் இடத்தில், 2020ஆம் ஆண்டு இயற்றப்பட்ட பணியிடப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. 500 தொழிலாளர் உள்ள தொழிற்சாலையும், அபாயகரமான முறைகள் உள்ளதாயின் 250 பேர் உள்ள தொழிற்சாலையும் பாதுகாப்பு அலுவலரை நியமிக்க வேண்டும் என்பது அதன் விதி. முன்பு இந்த எண்ணிக்கை 1000 ஆக இருந்தது. எனவே வேலை வாய்ப்பு பெருகும் என்று எதிர்பார்க்கலாம். ஆனால் தோழியின் தந்தை வேலை செய்தது இருபது பேர் உள்ள பட்டறை. அங்கே எந்தக் கணக்கிலும் பாதுகாப்பு அலுவலர் வர மாட்டார். அரசு ஆய்வாளர் ஒருவர் எத்தனை பட்டறைகளுக்குத்தான் போவார்? இதற்கு எங்களிடம் விடையில்லை, அக்காவிடமும் இல்லை.

இப்பணிக்கு வர விரும்புகிறவர் என்ன படிக்க வேண்டும்? பதினோராம் வகுப்பில் கணிதமும் இயற்பியலும் வேதியியலும் உள்ள பிரிவை எடுக்க வேண்டும். பிறகு பி.இ. அல்லது பொறியியல் டிப்ளமோ. இயற்பியல் அல்லது வேதியியலில் பி.எஸ்ஸி. படித்தவர்க்கும் வழியுண்டு. சில ஆண்டுகள் தொழிற்சாலையில் பணி செய்த பின் தொழிலகப் பாதுகாப்பில் ஓராண்டு டிப்ளமோ பெற வேண்டும். சென்னை தரமணியில் மத்திய அரசின் வட்டாரத் தொழிலாளர் நிறுவனம் இதைக் கற்பிக்கிறது. திருச்சி தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் இத்துறைக்கு முதுநிலைப் படிப்பு உண்டு. பட்டப் படிப்பாகவே படிக்க விரும்பினால் கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இருக்கிறது. எம்.பி.பி.எஸ். முடித்த மருத்துவர்கள் மூன்று மாதப் பயிற்சி பெற்றுத் தொழிற்சாலை மருத்துவர் ஆகலாம். அரசுப் பணியே வேண்டும் என்போர், தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் வழியாகத் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தில் உதவி இயக்குநராகச் சேரலாம். ஆலைக்குள் சென்று ஆய்வு செய்யும் அதிகாரம் அவர்களுடையது. பேருந்து நிலையச் சுவரில் ஒட்டியிருக்கும், ஆறு மாதத்தில் சான்றிதழ், உடனே வெளிநாட்டு வேலை என்னும் விளம்பரங்களைப் பார்த்துப் பணத்தைக் கட்டிவிட வேண்டாம். அந்தச் சான்றிதழை அரசு ஏற்கிறதா என்று முதலில் விசாரித்துக்கொள்வது நல்லது.

இன்னொரு தகுதியும் பழைய விதிகளில் இருந்தது. எங்களுக்கு மிகவும் பிடித்ததும் அதுவே. தொழிலாளருள் பெரும்பாலோர் பேசும் மொழியைப் பாதுகாப்பு அலுவலர் நன்கு அறிந்திருக்க வேண்டும் என்பதே அது. இன்று நம் பகுதி ஆலைகளிலும் கட்டடப் பணிகளிலும் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்தவர்கள் ஏராளம். 'தொடாதே, மின்சாரம்' என்று தமிழில் எழுதிய பலகை அவர்களுக்கு வெறும் கோலம். அக்கா இந்தி கற்றுக்கொண்டு, இப்போது ஒடியாவும் கொஞ்சம் பேசுகிறார்.

பணியின் கஷ்டங்களையும் அவர் மறைக்கவில்லை. சம்பளம் கொடுப்பது நிர்வாகம். இயந்திரத்தை நிறுத்து என்று சொல்ல வேண்டியதும் அதே நிர்வாகத்திடம். ஒரு மணி நேரம் நிறுத்தினால் எத்தனை ரூபாய் நஷ்டம் என்று உடனே கணக்குக் காட்டுவார்கள். நடக்காத விபத்துக்கு யார் கணக்குக் காட்டுவது? தொழிலாளரும் முதலில் வேண்டாதவராகத்தான் பார்ப்பார்கள், ஊக்கத்தொகையைக் கெடுக்க வந்தவள் என்று. பணிக்குச் சேர்ந்த புதிதில், சின்னப் பெண் என்ன சொல்லிவிடப் போகிறாள் என்று சிரித்தவர்கள் உண்டாம். ஏணியில் ஏறி, தொட்டியின் விளிம்பில் நின்று, இரவு இரண்டு மணிக்கு உலை அருகே வெப்பம் அளந்து காட்டிய பிறகுதான் சிரிப்பு அடங்கியதாம். நாள் முழுதும் கனத்த காலணி அணிந்து நடப்பதால் கால் வலிக்கும் என்பதையும் சேர்த்து எழுதச் சொன்னார்.

தோழியின் தந்தை இப்போது கட்டுப் பிரித்து, இடக்கையால் எழுதப் பழகுகிறார். அதே பட்டறையில் வாயிற்காவல் வேலை கொடுத்திருக்கிறார்கள். இந்தக் கட்டுரைக்காக அவரைப் பார்க்கச் சென்றபோது எங்கள் குறிப்புகளைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இந்தப் படிப்புப் படிச்சவங்க வந்தா மிஷினைப் பாப்பாங்களா, ரிஜிஸ்டரைப் பாப்பாங்களா?" என்றார். அக்காவிடம் கேட்டுச் சொல்கிறோம் என்றோம். "மிஷினைத்தான் முதலில். அப்புறம் ரிஜிஸ்டரில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்து, இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்போம்" என்று விடை வந்தது. அதைக் கேட்டுத் தலையசைத்தவர், அந்த ஆப்பை எடுத்துவிட்டார்களா என்பதை மட்டும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கத் துணியவில்லை.

சென்ற வாரம் சிஸ்டர் அந்தத் தாளைத் திருப்பிக் கொடுத்து, மாற்ற விரும்புகிறவர்கள் மாற்றலாம் என்றார்கள். வங்கி அதிகாரி என்று எழுதியிருந்த எங்கள் தோழி அதை அடித்துவிட்டு வேறு எழுதினாள். அரையாண்டுத் தேர்வில் கணிதத்தில் அவள் பெற்றது 52. கணிதப் பிரிவு கிடைக்க அது போதாது. ஆகவே மாலை மணி அடித்த பின் நாங்கள் மூவர், வராந்தாவில் அவளோடு உட்கார்ந்து முக்கோணவியல் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறோம்.